போனாள், போகிறாள்

இலங்கை மலைநாட்டில், அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இரும்புச் சாமான் கடையொன்று இருந்தது. அதன் மேல்மாடிதான் தொழிற்சங்கத்தின் மாவட்ட அலுவலகம். 1949-ஆம் ஆண்டு அங்கே கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது சிவசாமிக்கு இருபத்துநான்கு வயது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தமிழில் சொல்லும் முறைப்பாட்டைக் கேட்டு, அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, தோட்டத் துரைக்கோ அரசாங்கக் கந்தோருக்கோ அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

இதற்கு முந்திய வேலையை ஒரு வினைச்சொல்தான் தின்றது. தோட்டக் கந்தோர் ஒன்றில் சின்னக் கிளாக்கராக ஏழு மாதம் இருந்தான். துரையின் கையெழுத்துக்குப் போக வேண்டிய அறிவித்தல் ஒன்றில் பெரிய கிளாக்கர் 'லேபரர்ஸ் வாஸ்' என்று அடித்திருந்தார். ஆட்கள் பலர், வினை ஒருமை. சிவசாமி சிவப்புப் பென்சிலால் 'வாஸ்' என்பதை வெட்டி 'வேர்' என்று எழுதி, அவர் மேசையில் பணிவாகத்தான் வைத்தான். மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறுவதற்குள் அவனுக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது.

சங்கத்தில் அவனுக்கு மேலே இருந்தவர் மாவட்டப் பிரதிநிதி பொன்னையா. ஐம்பது வயது. வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடிக்கு முன்னால் நின்றவர், இரண்டு முறை சிறைக்குப் போனவர். மேடையில் அவர் பேசினால் சுற்று வட்டாரமே கேட்கும். அந்த மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. வக்கீல் நோட்டீசுகளை வாசித்து வாசித்துத் தானாக ஆங்கிலம் படித்துக்கொண்டவர் அவர். சிவசாமி அடித்து வைத்த கடிதத்தை எடுத்து, பேனாவால் அங்கங்கே 'ஹேட் பீன்' என்று செருகுவார்.

"ஏன்ணே, கூரை இப்பவும் ஒழுகுது. 'இஸ் லீக்கிங்'னு போட்டிருந்தேன். அத ஏன் 'ஹேட் பீன்' ஆக்குனீங்க?" என்று சிவசாமி கேட்பான்.

"'ஹேட் பீன்' போட்டாத்தான் தம்பி, தொரைக்கு ஒரு பயம் வரும்."

அந்தக் கூரைக் கடிதத்துக்குத் துரையிடமிருந்து வந்த பதிலைச் சிவசாமி வெகுநாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தான். கூரை முன்பு ஒழுகிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், இப்போது ஒழுகவில்லை என்று அறிந்து மகிழ்ச்சி. இதுதான் பதில். அந்த லயத்து வரிசை வீடுகளில் ஐந்து குடும்பங்கள் இன்னொரு மழைக்காலத்தைச் சட்டி பானைகளை வரிசையாக வைத்துக்கொண்டு கழித்தன. அங்கிருந்து வந்த பெண்கள் மாடிப்படியில் நின்று, "காயிதம் போட்டீங்களா இல்லையா?" என்று சத்தம் போட்டபோது சிவசாமிக்கு அழுகை வந்தது. பொன்னையா துரையைத் திட்டினார். சிவசாமி 'ஹேட் பீனை'த் திட்டினான்.

இப்படி இருக்கும்போதுதான், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கம் வேண்டியவர்கள் மனுப்போடலாம் என்றதால், குடியுரிமை விண்ணப்பங்கள் வந்தன. இரண்டு வருஷ அவகாசம் கொடுத்திருந்தார்கள். முதல் வருஷம் யாரும் அவ்வளவாக அசையவில்லை. 1951-இன் நடுவில், இன்னும் சில வாரங்களே மிச்சம் என்றானபோது எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். தலவாக்கலை, உடப்புசல்லாவை, கினிகத்தேனை என்று எல்லாத் திக்கிலிருந்தும் ஆட்கள் வந்து, படிக்கட்டு நிறைந்து, தெருவிலும் வரிசை நின்றது. எப்போது வந்தீர்கள், எங்கே இருந்தீர்கள், எங்கே இருக்கிறீர்கள், மனைவி எங்கே என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மனைவி மக்களோடு விடாமல் இந்த நாட்டில்தான் வாழ்ந்துவருகிறோம் என்று நிரூபிக்க வேண்டும்.

அந்த வரிசைக்கு நடுவில்தான் சிவசாமி பொன்னையா எழுதிய ஒரு படிவத்தைக் கையிலெடுத்தான். 'நான் 1931-இல் இலங்கைக்கு வருகிறேன். இந்தத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணம் செய்திருந்திருக்கிறேன்.' ஆங்கிலத்தில் அது இதைவிடக் கேவலமாக இருந்தது. 'வேலை செய்துகொண்டிருந்தேன்' என்று வாசிக்கிற அதிகாரி, இந்த ஆள் இப்போது அங்கே இல்லை என்றுதானே நினைப்பான்!

சிவசாமி எழுந்து நின்று கத்திவிட்டான். "அண்ணே! ஒரு ஆளு ஒரே காயிதத்துல மூணு காலத்துல நிக்க முடியாதுங்க! ஒரு காலத்தப் புடிச்சீங்கன்னா கடைசி வரைக்கும் அதையே புடிங்க. விடாதீங்க!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னையாவை அப்படி யாரும் பேசி அவர்கள் கேட்டதில்லை. அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, ஒரே காலம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சிவசாமிக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். அவன் திரும்பி வந்தபோது விண்ணப்பக் கெடு முடிந்திருந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் படிவங்களைப் பொன்னையா தனியாக உட்கார்ந்து எழுதி அனுப்பியிருந்தார். நகல்கள் எல்லாம் தகரப் பெட்டியில் அடுக்காக இருந்தன. சிவசாமி பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்தான். மலைபோல் கிடந்த மற்ற வேலைகளைப் பார்த்ததும் மூடிவிட்டான்.

அவனுடைய சொந்த விண்ணப்பம் அவனே எழுதியது. 1954-இல் ஒரு கேள்வியும் இல்லாமல் சான்றிதழ் வந்தது.

அடுத்த வருஷம், கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கந்தப்பன் என்பவர் தன் மனைவி லெட்சுமியோடு மாடிப்படி ஏறி வந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இடது தோள் சற்றே இறங்கிப்போன மனிதர். கையில் ஒரு நீளக் கடிதம்.

"ஐயா, இது நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க" என்றார்.

சிவசாமி வாசித்தான். உம்முடைய விண்ணப்பத்தின்படி உம்முடைய மனைவி இந்தியாவில் வாழ்கிறார். ஆகவே மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

"ஒங்க சம்சாரம் இந்தியாவுல இருக்காங்களா?"

கந்தப்பன் திகைத்துப்போய்ப் பக்கத்தில் நின்ற லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். "இந்தா நிக்கிறாளே!"

"அது அவரோட மொதத் தாரங்க" என்றாள் லெட்சுமி. "கருப்பாயின்னு பேரு. துறையூருப் பக்கம் இருந்துச்சு. அது தவறி ரொம்ப வருசமாச்சு. அதுக்கப்புறந்தான் என்னயக் கட்டுனாரு. நான் இங்கேயே பொறந்தவ. அந்த ஊரு எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது எனக்கு."

சிவசாமி தகரப் பெட்டியை இழுத்து நகலைத் தேடி எடுத்தான். மனைவியைப் பற்றிய குறிப்பு ஒற்றை வரி. முதல் மனைவி இந்தியாவில் 'லிவ்ஸ்'. வாழ்கிறாள். இடம் போதாததால் செத்த விவரமும் இல்லை, இரண்டாம் கல்யாணமும் இல்லை. 'லிவ்ட்' என்று ஒரு எழுத்து மாறியிருந்தாலாவது, வாழ்ந்தாளா, அப்புறம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

"எந்தக் கழுத இத எழுதுனது?"

எதிர் மேசையில் பொன்னையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான்."

"ஏன்ணே, செத்துப்போன பொம்பளைய..."

"நீதானப்பா சொன்ன. ஒரு காலத்தப் புடிச்சா அதையே புடிங்க, விடாதீங்கன்னு. நிகழ்காலத்தப் புடிச்சேன். தொண்ணூறு படிவத்துலயும் ஒரு எடத்துலகூட விடல."

அவர் கிண்டல் செய்யவில்லை. இத்தனை வருஷமும் அதை நன்றாகச் செய்துமுடித்த காரியமாகவே நினைத்திருந்தார். தான் சொன்னதில் பாதிதான் அது. நடப்பது ஒரே காலத்தில் இருந்தால்தான் வினையும் அதே காலத்தில் நிற்க வேண்டும், காலம் மாறினால் வினையும் மாற வேண்டும் என்ற மறுபாதியை அவன் சொல்லவே இல்லை. வரிசை நீளமாக இருந்தது. எரிச்சலாக இருந்தது. கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்று பிற்பகல் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தொண்ணூற்றுச் சொச்சம் நகல்களையும் வாசித்தார்கள். பெரும்பாலானவை தப்பித்துவிட்டன. அந்தக் குடும்பங்களில் இறந்தவர்களோ போய்வந்தவர்களோ இல்லை. பதினொன்றில் மட்டும் விஷயம் இருந்தது. செத்தவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எப்போதோ ஊரைவிட்டு வந்தவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். மறுநாளே ஆளுக்கொரு பக்கமாகப் பஸ் ஏறினார்கள். கடிதம் ஏதும் வந்திருக்கிறதா, வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். கந்தப்பன் போக ஒன்பது பேரிடம் நேரத்தோடு சொல்லிவிட்டார்கள்.

பதினோராவது ஆள் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை. சிவசாமி போன அன்று ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோசு போட்ட கோவாப் பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"கடுதாசியா? அது போன வருசமே வந்துருச்சே தம்பி. ரசீதுதானே? சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருக்கேன்."

அது ரசீது இல்லை. மூன்று மாத அவகாசக் கடிதம். அதற்குக் கீழே, பிரிக்காமலே, நிராகரித்த கடிதமும் இருந்தது. சோலைமலையின் மனைவி மீனம்மா 1938-இல் ஒரே ஒரு தடவை தலைப்பிரசவத்துக்காக ஊருக்குப் போய், ஐந்தாம் மாதம் பிள்ளையோடு திரும்பி வந்தவள். படிவத்தில் பொன்னையா எழுதியது: 'மை வைஃப் கோஸ் டு இந்தியா.' என் மனைவி பிரசவத்துக்கு இந்தியா போகிறாள். வாசித்த அதிகாரிக்கு, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அங்கே போவதுதான் அவள் வழக்கம், வீடு வாசல் அங்கேதான் என்று பட்டிருக்கிறது.

சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் சிவசாமிக்குத் தோன்றியது. கோவாப் பாத்தி ஓரத்தில் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"நான் ஒன்னும் தப்பாச் சொல்லலையே தம்பி?" என்றார் சோலைமலை.

"நீங்க சரியாத்தாங்க சொன்னீங்க. நாங்க எழுதுனதுலதான் தப்பு. போனாங்கன்னு எழுத வேண்டியத போறாங்கன்னு எழுதிட்டோம்."

"போனா. போறா." சோலைமலை இரண்டையும் சொல்லிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாங்க."

மண்வெட்டியை அவர் கீழே போட்டார். "என் அஞ்சு புள்ளையில நாலு இந்த லயத்துக் காம்பராவுல பொறந்துச்சுங்க. மருத்துவச்சி இங்கதான் இருக்கா, கேட்டுப் பாரு. எங்கப்பன இந்த மலையிலதான் பொதச்சிருக்கோம். இம்புட்டுத்தான்னு சொல்றியே, இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த? போய்யா! இங்க நிக்காத!"

மீனம்மா வாசலுக்கு வந்து நின்றாள். சிவசாமி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வெகுதூரம் நடந்தே போனான்.

காரணம் காட்டி எழுதியதன்மேல் கந்தப்பனின் விசாரணை ஐப்பசி மழையில் அட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதிகாரி அமைதியான மனிதர், சிங்களவர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த, தோட்டத்துப் பேச்சுப் பழக்கமில்லாத ஒருவர் மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தார். சிவசாமி பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

"உன் முதல் மனைவி எங்கே?" என்று கேட்கப்பட்டது.

கந்தப்பன் கைகட்டி நின்றார். செத்துப்போனாள் என்று பெரிய மனிதர்கள் முன்னால் பட்டென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அவ போய்ச் சேந்துட்டாங்க" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சற்று யோசித்துவிட்டு, அவள் புறப்பட்டுப்போய் அங்கே சேர்ந்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் பேனா அதை எழுதத் தொடங்கியது.

சிவசாமிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லீங்க!" என்று எழுந்துவிட்டான். எல்லோரும் திரும்பினார்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக யாருடைய வினைச்சொல்லையும் விட்டுவைக்காத சிவசாமிக்கு, அந்த நேரத்தில் நாக்குப் புரண்டது. "சார், ஷீ இஸ் டை! இன் 1940 ஷீ இஸ் டை!"

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "டைட் என்கிறீர், இல்லையா?" என்று நிதானமாகக் கேட்டார்.

"யெஸ் சார். டைட்." சிவசாமியின் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

அதற்குள் லெட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு தபால் அட்டையை மேசைமேல் வைத்தாள். கருப்பாயியின் அண்ணன் துறையூரிலிருந்து எழுதியது. வைகாசி பதினொன்றாம் தேதி தங்கை காலமாகிவிட்டாள், பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது என்று இருந்தது. முத்திரைமேல் 1940 தெளிவாகத் தெரிந்தது. அதிகாரி அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் முன்பு எழுதியதை வெட்டினார். பிறகு சிவசாமியைக் கூப்பிட்டு, "இனிமேல் எழுந்து கத்தினால் வெளியே அனுப்பிவிடுவேன்" என்றார்.

நான்கு மாதம் கழித்துக் கந்தப்பனுக்குச் சான்றிதழ் வந்தது. லெட்சுமி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து சிவசாமியின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மிச்சமிருந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்குக் கிடைத்தது. நான்கு பேருக்கு வேறு வேறு காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்தக் காரணங்களில் எதுவும் வினைச்சொல்லைப் பற்றியதில்லை என்பது சிவசாமிக்கு ஆறுதலாக இல்லை.

அதன் பிறகு அவன் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. ஆங்கிலத்தில் அடித்த கடிதத்தை வந்தவரிடமே தமிழில் திருப்பிச் சொல்லாமல் அனுப்பமாட்டான். "ஒழுகுச்சா, ஒழுகுதா? அடிச்சாரா, அடிக்கிறாரா? யாரு அடிச்சா? மேல பாக்குற கண்டாக்கா, கங்காணியா? பேரச் சொல்லுங்க." ஒரு கடிதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். கோபம் அவனுக்குக் குறையவில்லை, ஆனால் கத்திவிட்டு உட்காருவதை விட்டிருந்தான். கத்தினால், ஏன் கத்தினேன் என்பதை முழுக்கச் சொல்லி முடிப்பான். பொன்னையா அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. எவ்வளவோ சொல்லியும் பேனாவைத் தொடவில்லை. 1960-இல் உடம்புக்கு முடியாமல் வேலையை விடும்வரை தமிழில் சொல்லிச் சிவசாமியைத்தான் எழுதச் சொன்னார்.

சோலைமலைக்காகச் சிவசாமி தானாகவே எழுதினான். மீனம்மா ஒரு தடவைதான் போனாள், தவறு எழுதியவருடையது என்று முதல் கடிதத்தை 1955-இலேயே அனுப்பினான். ஒன்பது வருஷத்தில் பதினான்கு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. உமது கடிதம் கிடைக்கப்பெற்றது. விடயம் கவனிக்கப்பட்டு வருகிறது. உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது. யாரால் கவனிக்கப்படுகிறது? யாரால், யாருக்கு அனுப்பப்பட்டுள்ளது? ஆளே இல்லாமல் காரியங்கள் தாமாக நடந்துகொண்டிருந்தன. இந்த வாக்கியங்களில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதுதான் சிவசாமியைப் பல்லைக் கடிக்க வைத்தது.

1964 ஐப்பசியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வானொலியில் வந்தது. இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே. மறுவாரம் சோலைமலை மாடிப்படி ஏறி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிவசாமியோடு பேசியதில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. அழைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னய எந்தக் கணக்குல போட்டிருக்காங்க?"

"இன்னும் ஒன்னும் தெளிவா இல்லீங்க. அனுப்பப்படுவாங்கன்னு இருக்கு. யாரு அனுப்புவா, யார அனுப்புவா, எப்பன்னு இல்ல."

"அப்ப எழுதிக் கேளுங்க. ஆனா மொதல்ல தமிழ்ல சொல்லுங்க, என்ன எழுதப் போறீங்கன்னு."

"என் மனைவி 1938-இல் ஒரே ஒரு தடவை இந்தியாவுக்குப் போனாள்."

"போனா மட்டும் எழுதுனா போனவ போனவதான்னு நெனப்பான். திரும்பி வந்தான்னு போடுங்க."

"திரும்பி வந்தாள்."

"வந்தா. அப்புறம்?"

"அன்றிலிருந்து இன்றுவரை இங்கேயே வாழ்ந்துவருகிறாள்."

சோலைமலை கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் ஒரு முறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். "ம். அடிங்க" என்றார். சிவசாமி அடித்தான். மூன்று வினைகளும் அததற்குரிய காலத்தில், அததற்குரிய இடத்தில் நின்றன.

எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முன்னைய முடிவை மாற்றுவதற்கில்லை. சோலைமலை அதைத் தமிழில் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நம்ம எழுதுனதுல தப்பு இருந்துச்சா?"

"இல்லீங்க. இந்தத் தடவ ஒன்னும் இல்ல."

"அப்ப இன்னொன்னு எழுதுங்க" என்றார் சோலைமலை. சிவசாமி எரிச்சலோடு அந்தப் பதிலைக் கோப்பில் குத்திவிட்டு, புதுத் தாளுக்கு நடுவே கார்பனை வைத்து இயந்திரத்தில் செருகினான்.